முதுகுவலி என்று வந்தவர்: ஒரு மகனின் பராமரிப்புச் சுமை பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் வருவது ஒரே குடும்பத்தின் கதை இல்லை. ஒத்த நிலையில் இருந்த சில குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்து, யாரென்று அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் அளவீட்டு எண்களும் இப்படிப்பட்ட நிலையில் வரக்கூடிய அளவுக்கு வைத்தவைதான். வெளி ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் எண்கள் அந்தந்த ஆய்வில் உள்ளபடி.

வந்த காரணம்

வந்தவருக்கு 54 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். இரண்டு மாதமாகக் கீழ்முதுகு வலி. குனிந்தால் பிடித்துக்கொள்கிறது, உட்கார்ந்து எழுந்தால் சட்டென்று நிமிர முடியவில்லை. கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்ற அபாய அறிகுறிகள் இல்லை. இரத்த அழுத்தம் 158/96. பிரஷர் மாத்திரை ஏற்கெனவே எழுதித் தந்திருக்கிறார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்டதற்கு, “சாப்பிடுவேன் சார், நடுவுல சில நாள் விட்டுப்போயிடும்” என்றார். அவருடைய அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் ஒரு வேளைகூட விட்டுப்போனதில்லை என்பது பிறகு தெரிந்தது.

வலி எப்போது வருகிறது என்று கேட்டபோதுதான் அம்மா பேச்சில் வந்தார். கட்டிலிலிருந்து அவரைத் தூக்கும்போது வலிக்கிறதாம். எப்படித் தூக்குகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தார். இல்லாத ஓர் ஆளின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தார். ஒரு நாளில் இதை எட்டுப் பத்துத் தடவை செய்கிறார். அம்மாவின் எடை 54 கிலோ. நோயாளிகளைக் கையால் தூக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன மேல்வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைத்தால்தான். முதுகு வலிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

குடும்ப ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பப்பட்டது அதன் பிறகு. அவர் விரும்பி வரவில்லை. “முதுகுக்கு வந்தேன், இங்க எதுக்கு அனுப்பினாங்க?” என்றுதான் உட்கார்ந்தார்.

வீட்டு நிலவரம்

அம்மாவுக்கு 80 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் மறதிநோய் என்று உறுதியானது. இப்போது நடுத்தர நிலை. பிடித்துக்கொண்டால் நடப்பார். குளிக்க, கழிப்பறை போக, உடை மாற்ற ஆள் வேண்டும். மகனைப் பெரும்பாலும் தெரிகிறது. சில மாலைகளில் தன் அண்ணன் என்று நினைத்துப் பேசுகிறார். வெளிச்சம் குறையும் நேரத்தில் “வீட்டுக்குப் போகலாம்பா, நேரமாச்சு” என்று ஆரம்பித்தால் அடங்க இரண்டு மணி நேரம் ஆகும். அவர் இருப்பது நாற்பது வருடமாக வாழ்கிற அதே வீட்டில்தான்.

மனைவி வேலைக்குப் போகிறார். வீட்டு வேலை முழுக்க அவர் கையில். மகள் வெளியூரில் படிக்கிறாள். தங்கை பேருந்தில் நான்கு மணி நேரத் தூரத்தில். தம்பி வெளிநாட்டில், மாதாமாதம் பணம் அனுப்புகிறார். யாரும் கைவிட்டவர்கள் இல்லை, அன்பில்லாதவர்களும் இல்லை. தங்கை தினமும் இரவு கூப்பிடுகிறார். கடைசியில் தவறாமல் சொல்வது: “அண்ணா, உங்க உடம்பையும் கொஞ்சம் பாத்துக்கோங்க.”

“அதைக் கேட்டாலே எரிச்சலா வருது சார்” என்றார். “பாத்துக்கணும்னா எப்போ பாத்துக்கறது? அதையும் நான்தான் பண்ணணுமா?”

பல குடும்பங்களில் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறேன். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான். பராமரிப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வதைப் பற்றி நாம் சொல்கிற பெரும்பாலான யோசனைகள் (தியானம், நடை, நல்ல தூக்கம், பொழுதுபோக்கு) அவர் தலையில் இன்னும் நாலு வேலையை ஏற்றுகின்றன. யாராவது ஒரு வேலையை அவரிடமிருந்து முழுசாக வாங்கிக்கொண்டால் ஒழிய, அந்த யோசனைகளுக்கு இடமே இல்லை.

மதிப்பீடு

பராமரிப்பவர் எவ்வளவு சுமையை உணர்கிறார் என்று அளக்கும் ஸாரிட் சுமைக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினோம். ஸ்டீவன் ஸாரிட்டும் அவருடைய சகாக்களும் 1980-இல் வெளியிட்டது. முதலில் 29 கேள்விகள், பிறகு 22 ஆனது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. பரவலாகப் பின்பற்றும் வகைப்பாட்டில் 21 முதல் 40 வரை என்றால் லேசானது முதல் மிதமான சுமை. 41 முதல் 60 வரை மிதமானது முதல் கடுமையான சுமை.

முதல் தடவை அவர் எடுத்தது 27. பெரிதாக ஒன்றுமில்லை என்று விட்டிருப்போம். ஆனால் அன்று பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மாவையும் கூடவே கூட்டிவந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அம்மா அவர் சட்டைக் கைமடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, ‘பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா’ என்ற பொருளில் வரும் கேள்விக்கு எந்த மகன் ‘ஆமாம்’ என்று எழுதுவான்? இரண்டு கேள்விகளைக் காலியாகவே விட்டிருந்தார். அடுத்த வாரம் தனியாக வரவழைத்து மறுபடி கொடுத்தோம். 49. இந்தத் தாளைத் தனியாக உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கைபேசியில் அனுப்பி வீட்டில் நிரப்பச் சொல்வதும் சரிவராது.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி அளவீட்டில் 27-க்கு 11, அதாவது மிதமான அளவு. உயிரை விடும் எண்ணம் பற்றிய கேள்விக்குப் பூஜ்யம். நேரில் கேட்டபோதும் இல்லை என்றார். கையோங்கியதுண்டா என்றும் நேரடியாகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு நாள் அதிகாலையில், மூன்றாவது தடவையாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது அம்மா கையைத் தட்டிவிட, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார். மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இதைக் கேட்காமல் விடுகிற ஆலோசகர்கள் உண்டு, சங்கடமாக இருக்கிறது என்று. கேட்டால்தான் தடுக்க வழி. அன்றைக்கே ஒரு நடைமுறை முடிவானது: கோபம் தலைக்கேறினால் அம்மாவைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும், ஐந்து நிமிடம் விரிப்பு ஈரமாக இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. முடியவில்லையென்றால் எந்த நேரமானாலும் மனைவியை எழுப்ப வேண்டும். மனைவிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அவர் சம்மதத்தோடு மனைவியிடமும் பேசினோம்.

அப்புறம் ஒரு நாள் முழுவதும் என்னென்ன செய்கிறார் என்று எழுதிவரச் சொன்னோம். அவர் எழுதியதில் கையால் செய்யும் வேலைகள் இருந்தன. எழுதாமல் விட்டவை பேச்சில்தான் வந்தன: எந்த மாத்திரை எப்போது தீரும், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, டயப்பர் எத்தனை மிச்சம், மலம் போய் எத்தனை நாளாயிற்று. அலுவலகத்தில் கணக்கைப் பார்த்துக்கொண்டே தலைக்குள் இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றும் கவனித்தோம். பட்டியலில் மனைவி பெயர் ஓரிடத்திலும் இல்லை. சமையல், துணி, வீடு எல்லாம் தானாக நடப்பதுபோல விட்டிருந்தார். ‘குடும்ப ஆதரவு இருக்கிறது’ என்று கோப்பில் எழுதும்போது அந்த ஆதரவு பல வீடுகளில் ஒரே பெண்ணின் உழைப்பு. சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அதை அவர் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

செய்தவை

முதலில் இரவு. அவர் இரவில் நான்கு தடவை எழுந்துகொண்டிருந்தார். அதில் மூன்று அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக. மாத்திரைப் பட்டியலைப் பார்த்த முதியோர் மருத்துவர், நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுத்துவருவதைக் கண்டுபிடித்தார். எப்போதோ யாரோ ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று சொன்னது அப்படியே தங்கிவிட்டது. காலைக்கு மாற்றினார். இரண்டாவது, தூக்கத்துக்கென்று தெரிந்தவர் சொல்லி வாங்கிக்கொடுத்த ஒவ்வாமை மாத்திரை. டிபென்ஹைட்ரமின் வகை. வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் விழும் ஆபத்தையும் கூட்டும் என்பதால் தவிர்க்கச் சொல்லும் மருந்துகளின் பட்டியலில் அது இருக்கிறது. நிறுத்தப்பட்டது. மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்தார். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. மூன்று வாரத்தில் நான்கு தடவை ஒன்றிரண்டாகக் குறைந்தது. மகனுக்குத் தூக்கம் வரவைக்க அவரை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மாவின் மருந்துச் சீட்டில்தான் அது கிடந்தது.

முதுகுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுத்தார். கட்டில் உயரத்தை அம்மாவின் முழங்காலுக்குச் சற்று மேலே வரும்படி உயர்த்தினார்கள். எழுப்பும் முறையும் மாறியது: அம்மாவை விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தரையில் பதிய வைத்து, உடம்பை முன்னால் சாய்க்கச் செய்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, அவரே கட்டிலை ஊன்றி எழ விட வேண்டும். மகன் பக்கவாட்டில் நின்று, இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துத் துணை கொடுத்தால் போதும். அக்குளில் கை கொடுத்து இழுப்பது கூடவே கூடாது. அம்மாவின் தோளுக்கும் கேடு. பத்து விநாடி கூடுதலாகப் பொறுத்தால் அம்மா முக்கால்வாசி தானே எழுந்துவிடுகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் புதுச் செய்தி.

இனி பெரிய விஷயம்: உடன்பிறந்தவர்கள். காணொளி அழைப்பில் அவர், மனைவி, தங்கை, தம்பி என நான்கு பேரையும் உட்காரவைத்தோம். “நான் வேணும்னா மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேன் அண்ணா” என்றார் தங்கை. நல்ல மனசுதான். ஆனால் அவர் வருகிற வாரக்கடைசியில் எந்த மாத்திரை எங்கே இருக்கிறது, இரவு எதற்கு எழுப்ப வேண்டும் என்று அண்ணன்தான் கூடவே நின்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஒத்தாசை என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வேலையை அடியோடு மாற்றிக் கொடுத்தோம். மருந்து முழுக்கத் தங்கை பொறுப்பு: ஞாயிறு காலையில் மாத்திரைப் பெட்டியின் படம் அவருக்குப் போகும், மிச்சம் எண்ணுவது, ஆர்டர் போடுவது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பரிசோதனைத் தேதியை நினைவில் வைப்பது, சந்தேகம் கேட்பது எல்லாம் அவர். அண்ணன் பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொடுக்க மட்டும்.

இரண்டாவது மாதம் ஒரு மாத்திரை வரத் தாமதமாகி, கடைசிப் பட்டைவரை போய்விட்டது. “இதுக்கு நானே பண்ணிடலாம் சார்” என்றார் அவர். இந்த வாக்கியம் வரும் இடத்தில்தான் பெரும்பாலான பங்கீடுகள் உடைகின்றன. திரும்ப வாங்கிக்கொள்ளாமல் தடுத்துப் பிடித்ததே அந்த மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. தங்கை பத்து நாள் முன்கூட்டியே ஆர்டர் போடும் பழக்கத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

தம்பிக்கு மாலை நேரம் ஒதுக்கினோம்; அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பும் அந்த நேரம், வாரத்தில் மூன்று நாள் காணொளியில். “அம்மா, நீங்க இப்ப வீட்லதான இருக்கீங்க” என்று முதலில் வாதாடிப் பார்த்தார். அம்மாவின் பதற்றம் இரண்டு மடங்கானது. பிறகு கற்றுக்கொண்டார்: “போலாம்மா. அங்க யார் யார் இருப்பாங்க சொல்லுங்க.” அம்மா தன் சின்ன வயசு வீட்டைச் சொல்லத் தொடங்கினால் நாற்பது நிமிடம் ஓடிவிடுகிறது. தம்பி கூடுதலாகப் போட்ட பணத்தில் வாரத்தில் மூன்று பிற்பகல்களுக்கு ஆள் வைத்தார்கள்.

ஆள் வைத்தது சுமுகமாக நடக்கவில்லை. முதல் வாரம் வேலைக்கு வந்தவரை அம்மா தன் அறைக்குள்ளேயே விடவில்லை. வெளியே போன மகன் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து கதவோரம் நின்றார். இரண்டாவது வாரம் கிடைத்த நேரத்தில் அம்மாவுக்கு வேண்டியதை வாங்கப் போனார், வங்கிக்குப் போனார். ஆகவே ஒரு விதி: மூன்று பிற்பகல்களில் ஒன்று அம்மா சம்பந்தமான எந்த வேலைக்கும் கிடையாது. அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார்? தூங்கினார். ஆறு வாரம் தூக்கம் மட்டுமே. அதற்குப் பிறகுதான் பழைய நண்பர் ஒருவரோடு செஸ் ஆடப் போக ஆரம்பித்தார்.

ஆதரவுக் குழு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை வந்து, எல்லோர் துயரத்தையும் கேட்டுவிட்டு இன்னும் கனத்துப்போய் வீட்டுக்குப் போனார். அங்கே சந்தித்த, இதே போல அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு மகனோடு மட்டும் கைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவைக் குளிப்பாட்டும்போது வரும் கூச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்பதை அவரிடம்தான் கேட்க முடிந்ததாம். தோளிலிருந்து ஒரு பெரிய துண்டைப் போர்த்தி, அதற்குள்ளேயே கைவிட்டுத் துடைத்துக் குளிப்பாட்டும் முறை அப்படி வந்ததுதான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு

சுமை அளவீடு 49-லிருந்து 36. மனச்சோர்வு அளவீடு 11-லிருந்து 7. இரத்த அழுத்தம் 138/86. அவருடைய மாத்திரையையும் அம்மாவின் பெட்டியிலேயே தனி அறையில் வைத்ததால் ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் தங்கை அதையும் பார்த்துவிடுகிறார். முதுகு பரவாயில்லை, சில நாட்கள் தவிர. தம்பியின் அழைப்பு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது தவறுகிறது. அம்மாவின் நோய் குறையவில்லை, குறையவும் போவதில்லை. இப்போது மகனை அண்ணன் என்று கூப்பிடும் நாட்கள் கூடியிருக்கின்றன. அந்த நாட்களில் அவர் சோர்ந்துபோகிறார். ஆள் எதிரில் இருக்க, அவரை இழந்துகொண்டும் இருப்பது. போலின் பாஸ் என்ற குடும்ப ஆய்வாளர் 1970-களிலேயே இந்த வகை இழப்பைத் தனியாகப் பிரித்துப் பேசியிருக்கிறார். இதற்கு அட்டவணை போட்டுத் தீர்வு காண முடியாது. அழுதால் அழட்டும் என்று விட்டோம்.

விவாதம்

ஸாரிட் குழுவின் 1980 ஆய்வில் பங்கேற்றவர்கள் 29 பேர்தான். ஆனால் அதில் வந்த முடிவு இன்னும் பொருந்துகிறது. நோயாளியின் நடத்தைச் சிக்கல் எவ்வளவு என்பதோடு சுமை உணர்வு தொடர்புபடவில்லை. மற்ற குடும்பத்தார் எத்தனை தடவை வந்து போனார்கள் என்பதோடு தொடர்புபட்டது. இந்தக் குடும்பத்திலும் அம்மாவின் நடத்தை அப்படியேதான் இருந்தது, எண் குறைந்தது.

உடம்புக்கு ஆகும் கேடு கற்பனை இல்லை. 1995-இல் கீகோல்ட்-கிளேசர் குழு, மறதிநோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களுக்குக் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தது. ஒத்த வயதுப் பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. 1999-இல் ஷுல்ஸும் பீச்சும் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் அழுத்தத்தையும் உணர்ந்த முதியவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம். இந்த எண்ணைக் காட்டிப் பராமரிப்பவர்களைப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. அதே ஆய்வில், அழுத்தம் உணராமல் பார்த்துக்கொண்டவர்களிடம் அப்படிப்பட்ட உயர்வு உறுதிப்படவில்லை. 2013-இல் ராத் குழுவின் பெரிய ஆய்வில் குடும்பப் பராமரிப்பாளர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. பார்த்துக்கொள்வதே ஆளைச் சாய்க்கிறது என்று சொல்ல முடியாது; ஒற்றை ஆளாக, மூச்சு விட நேரமில்லாமல் பார்த்துக்கொள்வது வேறு விஷயம்.

எது உதவுகிறது என்பதற்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழு செய்த ஆய்வு முக்கியம். அல்சைமர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 406 பேர் பங்கேற்றார்கள். ஆறு ஆலோசனை அமர்வுகள், அவற்றில் நான்கு குடும்பத்தாரையும் சேர்த்து. பிறகு ஆதரவுக் குழு, வேண்டும்போது தொலைபேசியில் ஆலோசனை. அவர்களுடைய துணைவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்வது சராசரியாக 557 நாள் தள்ளிப்போனதாக 2006-இல் எழுதினார்கள். பங்கேற்றவர்கள் அனைவரும் நோயாளியின் கணவன் அல்லது மனைவி. பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆறில் நான்கு அமர்வு குடும்பத்தோடு என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி

அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் மகன் “அப்படி ஒரு நாள் வராது” என்று எழுந்துவிடுவார். கடைசி அமர்வில் அவரே எடுத்தார். ஒரே ஆள் துணையில் அம்மாவால் நிற்க முடியாமல் போனால், இரவுகள் மறுபடி இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், அல்லது யாராவது அம்மாமேல் கை வைக்கும் நிலை மறுபடி வந்தால், நால்வரும் உட்கார்ந்து பேசுவது என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு தங்கையுடையது. அண்ணன் தானாக வந்து சொல்லமாட்டார் என்று நால்வருக்கும் தெரியும். அடுத்த மதிப்பீடு மூன்று மாதம் கழித்து. அன்றைக்கு மனைவிக்கும் தனியாக ஒரு கேள்வித்தாள் கொடுக்க இருக்கிறோம்.